லோவில் எட்டு மணிநேரம்

ஹட்டன் சந்தைக்குப் போனது கரட் வாங்க.
பையில் வந்தது அடிபட்ட அப்பிள், ஒன்றேகால் கிலோ.
மழை. நிஸ்தார்
தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் குத்திவிட்டு
"நாளைக்கு இதெல்லாம் குப்பைக்குத்தான், கொண்டு போங்க" என்றான்.
என்றாலும் இருநூறு ரூபாயை எண்ணித்தான் வாங்கினான்.

கன்றிய இடங்களைக் கத்திமுனையால் தோண்டினேன்.
தோல் சீவவில்லை.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் இருந்த ஸ்டிக்கரை உரித்துக்
குழாயடிச் சுவரில் ஒட்டினேன், வரிசையாக, ஒன்பது.
எந்தக் கடலெல்லாம் தாண்டி வந்த பழமோ,
எங்கள் பீலித் தண்ணீரில் விறைத்துப்போயிருக்கும்.

கறுவா ஒரு விரல்.
கராம்பு நாலு.
ஏலக்காய்க்கு அம்மியில் ஒரே தட்டு.
கித்துல் கருப்பட்டி, கைக்கு உடைந்த மட்டும்.
தேசிக்காய் பாதி. கரண்டி நுனியில் மாஜரின்.
தண்ணீர் வேண்டாம், பழமே விடும்.

குவைத்தில் இந்தச் சட்டிக்குள்
ஆட்டிறைச்சி மட்டும்தான் வெந்தது.
அதற்கும் என் பாய்க்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்.
ஐந்து வருஷம் வேறொருவர் வீட்டுப் பசியை
மூக்கால் கேட்டுக்கொண்டே தூங்கினேன்.
கறுவா டப்பாவில் என் நாட்டின் பெயர் தங்க எழுத்தில்.
என் பாஸ்போர்ட் மெடத்தின் அலுமாரியில்.
மூடியின் பிடி உடைந்த அன்று
"நீ எடுத்துக்கொள்" என்றார்.
முப்பது கிலோவில் ஆறு கிலோ அது.
ஏர்போர்ட்டில் இரண்டு சேலையைக் கழற்றி வைத்துவிட்டு
அதைக் கொண்டுவந்தேன்.

ஒன்பதரைக்கு டெனிஸ் பெக்டரிக்கு இறங்கினார்.
அவருக்கு வாட்டு மாடியில் இரவு வேலை.
கொழுந்தைப் பரப்பி, காற்றைத் திறந்து, புரட்டி,
ஒரு காம்பை எடுத்து விரலுக்கிடையில் மடிப்பார்.
முறியாமல் வளைந்தால் சரி.
பத்து மணிக்கு நான் திருகியை லோவில் வைத்தேன்.
சிவப்பு விளக்கு, குங்குமப்பொட்டு அளவு.

பன்னிரண்டுக்கு மணம் கூரைத்தகரத்தைத் தொட்டது.
பக்கத்துக் காம்பராவிலிருந்து லோகேஸ்வரி சுவரில் தட்டினாள்.
"என்ன, கிறிஸ்மஸா?"
"இல்ல, செவ்வாய்க்கிழமை" என்றேன்.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.

பொட்டு அணைந்தது.
அதே நொடியில் கீழே பெக்டரியின் காற்றாடிகளும் நின்றன.
இத்தனை நாள் அந்த இரைச்சலைக் கேட்டதே இல்லை,
நின்ற பிறகுதான் கேட்டேன்.
மலை முழுக்க ஒரு காது மாதிரி இருந்தது.
இப்போது அவர் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கொழுந்தைக் கையால் புரட்டுவார், சூடேறிவிடாமல்.
இங்கே நான், சூடு இறங்கிவிடாமல்,
ஆணியில் தொங்கிய அவருடைய கம்பளிச் சட்டையை எடுத்துச்
சட்டிக்குப் போர்த்தினேன்.
கைகளை மேலே கட்டிவிட்டேன், முடிச்சுப் போட்டு.
கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது.
சட்டிக்கு ஜெனரேட்டர் இல்லை.
உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு இருபதுக்குப் பொட்டு வந்தது.
எட்டு மணிநேரத்தில் எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது?
கணக்கை விட்டுவிட்டேன்.

ஆறரைக்கு வந்தார். காதெல்லாம் பனி.
மூடியைத் திறந்தேன்.
ஓரத்துத் துண்டுகள் பாகாகிப் போயிருந்தன.
நடுவில் இருந்தவை நிமிர்ந்தே நின்றன.
அவர் கரண்டி கேட்கவில்லை.
ஒரு துண்டை எடுத்து, பழக்கதோஷம்,
விரலுக்கிடையில் மடித்துப் பார்த்தார்.
"வளையுது" என்றார்.
பிறகு நின்றுகொண்டே நாலு துண்டு.
கராம்பைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்,
துப்பவில்லை.

ஒரு கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் போனது.
மிச்சத்தை ரொட்டியில் தடவினோம்.
லைட் பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த இரவு அதே கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போனார்.
ரோலர் ரூமில் மூன்று பேர் தோளருகே வந்து
முகர்ந்து முகர்ந்து பார்த்தார்களாம்.
என்ன வாசம் என்று கேட்டார்களாம்.
"வீட்டு வாசம்" என்று சொல்ல வாய் வந்ததாம்.
வெட்கமாக இருந்ததால்
சவுக்காரம் என்று சொல்லிவிட்டாராம்.